பச்சைக்குப் பிறகு வந்த சிவப்பு

ராயபுரத்தில், துறைமுகத்துக்குக் கூலியாள் அனுப்பும் ஒரு ஆபீசில் பெருக்கவும் டீ வாங்கவும் சேர்ந்தவள் நான். காகிதத்தை மடங்காமல் எடுப்பேன் என்று ஸ்கேன் மிஷினில் உட்கார வைத்தார்கள். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் ஆபீசர் அம்மா மாதிரிதான் நடப்பேன். அந்தக் கர்வம் இன்னும் போகவில்லை.

கூலியாட்களின் வைத்தியக் காகிதங்களெல்லாம் இன்டர்நெட் வழியாக, எங்கேயோ வாடகைக்கு எடுத்த இடத்தில் கிடந்தன. ஒரு கம்பெனியோடு காண்டிராக்ட் முடிந்தால், அதற்குரிய அத்தனையையும் அழித்துவிட்டு, அழித்தோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கையெழுத்து, கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணுடையது. அப்படி ஒரு கம்பெனியின் காண்டிராக்ட் முடிந்த மாதம்தான் அவள் வேலையை நிரந்தரம் செய்வதாக முதலாளி சொல்லியிருந்தார்.

எல்லாவற்றையும் மொத்தமாகக் குறித்துவைத்து, குப்பைத்தொட்டிப் படத்தை அமுக்கச் சொல்லிவிட்டு அவள் சாப்பிடப் போனாள். அமுக்கினேன். பச்சைப் பட்டை ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து, அதன் கீழே சிவப்பில் இங்கிலீஷ் வரிகள். நான் பேசின் பிரிட்ஜ் தண்டவாளத்தோரம் வளர்ந்தவள். பச்சை விழுந்து, அப்புறம் சிவப்பு விழுந்தால் வண்டி முழுக்கக் கடந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வரிகளை மூடிவிட்டேன்.

“இன்னாக்கா, அல்லாம் பூட்ச்சா?” என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

“சுத்தமா பூட்ச்சு. என்னிய இன்னான்னு நென்ச்சே?”

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

மறுவாரம் அந்தக் கம்பெனிக்காரர்கள் திறந்து பார்த்தால், பதினேழு காகிதங்கள் அழியாமல் அப்படியே இருந்தன. ஒருவருடைய காசநோய் ரிப்போர்ட்டும் அதில் இருந்தது.

“கண்ண மூடிக்கினு கையெழுத்து போட்டியாமே? ஒனக்கு நெரந்தரம் ஒரு கேடா?” என்று முதலாளி கத்தினார். டீத் தட்டோடு கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளே போய், நான்தான் என்று சொல்ல இரண்டு எட்டு. வைக்கவில்லை.

வெளியே வந்தவள் அந்தப் பதினேழையும் தேடிப்பிடித்து, அவற்றை மட்டும் மறுபடி அழித்தாள். இரண்டு போகவில்லை. யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள் என்று போன் செய்து மூடச் சொல்லி, அப்புறம் அழித்தாள். கடைசியில் ஒன்றுகூட மிச்சமில்லை என்று தானே பார்த்தாள். பிறகு, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“அன்னிக்கி செவப்பா எதனா வந்துச்சாக்கா?”

“ஒண்ணியும் வர்ல.”

“செரி. இனிமே வந்தா ஒரு கொரலு குடு, ஓடியாறேன். நீ படிக்க வாணாம்.”

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முதலாளியிடம் என் பேச்சையே எடுக்கவில்லை. நிரந்தரம் வரவில்லை, சில மாதத்தில் வேறு இடம் பார்த்துக்கொண்டு கிளம்பினாள். கடைசி நாள், ஏலக்காய் போட்ட டீயாக வாங்கிவந்து அவள் முன்னால் வைத்தேன்.

டீ மட்டும்தான் வைத்தேன்.