பூட்டுப் படத்தை நம்பினேன்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் வித்யா ஒரு விஷயம் சொன்னாள். அன்றிலிருந்து கம்ப்யூட்டரைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம்.

வித்யாவுக்கு எங்கள் ஊரை ஒட்டிய கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை. பேங்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ நாம் இன்டர்நெட்டில் அனுப்புவதை வழியில் யாரும் படிக்காதபடி பூட்டித்தானே அனுப்புகிறார்கள் — அந்தப் பூட்டை மாற்றுகிற வேலையாம். ஏன், பழைய பூட்டுக்கு என்ன கேடு? குவாண்டம் கம்ப்யூட்டர் என்று ஒன்று வளர்ந்து வருகிறது. பெரிதானால் இன்றைய பூட்டைத் திறந்துவிடுமாம்.

வரும்போது பார்த்துக்கொள்ளலாமே என்றேன். அப்படியில்லையாம். பூட்டியபடியே இப்போது அள்ளிச் சேர்த்து வைத்து, அந்த மெஷின் வந்ததும் திறந்து படிக்கலாமாம். யார் சேர்க்கிறார்கள்? தெரியாதாம். இந்தப் பதில்தான் எனக்குப் பிடிக்காது.

“அப்போ ஏற்கெனவே அனுப்பினது?”

“இனி அனுப்பறதுக்குத்தான் புதுப் பூட்டு அம்மா. பண்டு அனுப்பினது போனது போனதாக்கும்.”

நான் அதைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது... வித்யாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பள்ளியில் படிக்கும்போது அவளுக்கு இரண்டு முறை வலிப்பு வந்தது. நாங்கள் இருக்கும் கரமனை அக்ரஹாரத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். இங்கே இருமினால் அங்கே கஷாயம் வைப்பார்கள். உள்ளூர் டாக்டரிடம் போனால் நாளைக்குப் பெண்ணுக்கு வரன் வருமா? நாகர்கோவிலில் டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட்டையெல்லாம் சென்னை டாக்டருக்கு இன்டர்நெட்டில் அனுப்பினேன். திரையின் மூலையில் சின்னதாகப் பூட்டுப் படம். அண்டை வீட்டை நம்பாத நான் அதை நம்பினேன்.

இப்போது பக்கத்திலேயே வலியசாலையில் ஒரு வரன் கூடி வந்திருக்கிறது. ஜாதகம் கொடுத்தோம், ரிப்போர்ட்டைக் கொடுக்கவில்லை. மாத்திரை நிறுத்தி வருஷக்கணக்காகிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் எவனோ அதைத் திறந்து சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினால்? மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை கேட்டேவிட்டேன், பழையதை அழிக்க வழியே இல்லையா என்று.

லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: “சாரமில்லை அம்மா, கவலைப்படாதே. பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே அவர்கிட்ட சொல்லியாச்சு. அவா வீட்டிலயும் தெரியும்.”

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை வருஷம் நான் காத்ததை இவள் ஒரு காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்திருக்கிறாள்! இனி எந்தக் கம்ப்யூட்டர் வந்து எதைத் திறந்தால் என்ன? நிம்மதியாகத்தான் இருந்தது.

அது சரி... கேட்டதும் மாப்பிள்ளை உடனே சம்மதித்தாராமே — தன் பங்குக்கு அவர் எந்த ரகசியத்தைச் சொன்னார் என்று இவள் கேட்டாளா?