எந்த அம்மா

அப்பா "அம்மா" என்று கூப்பிட்டதை எனக்கு முதலில் சொன்னது ஒரு மியன்மார் நர்ஸ். நான் லிஃப்டை விட்டு வெளியே வந்ததுமே ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பல வாரங்களாக வாயே திறக்காத மனிதர் காலையிலிருந்து தன் தாயைத் தேடுகிறாராம். துப்புரவு செய்யும் தமிழ்ப் பெண்ணிடம் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். கட்டிக்கொள்ள அவருக்கு ஒரு சின்னத் தலையணையும் கொடுத்திருந்தாள். நல்ல பெண். அந்த முதியோர் இல்லத்தில் அப்பாவின் மீசையைப் பார்த்துப் பார்த்து ஒதுக்கிவிட்டவள் அவள் ஒருத்திதான்.

அப்பா பஸ் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை தேக்காக் கடைத்தெருவில் சாலையில் இறங்கி நடக்கிற கூட்டத்தைத் திட்டித் திட்டியே முகம் நிரந்தரமாகச் சுளித்துப்போனவர். மறதி நோய் வந்தபிறகு புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டில் இருந்தார். டெப்போவுக்கு நேரமாகிவிட்டது என்று வாசல் கேட்டைப் பிடித்து ஆட்டுவார். என்னை "மிஸ்ஸி" என்பார். அந்தக் காலத்து ஆட்கள் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் உங்கள் மகள் என்று கொஞ்ச நாள் சண்டை போட்டுப் பார்த்தேன். பிறகு மிஸ்ஸியாகவே இருந்து சோறு ஊட்டினேன். கீழே விழுந்து இடுப்பு முறிந்தபின் வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை. இல்லத்திலும் நான் மிஸ்ஸிதான். அப்புறம் அந்தப் பேச்சும் நின்றுபோனது.

பேச முடியாதவர்களின் வலியை அளக்க அங்கே ஒரு முறை வைத்திருந்தார்கள். மூச்சு, முகம், கை கால் அசைவு, குரல், தொட்டுப் பேசினால் அடங்குகிறாரா என்பது, ஒவ்வொன்றுக்கும் மார்க். பஸ் ஓட்டிய காலத்துச் சுளிப்பை அது எந்தக் கணக்கில் சேர்க்கும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அன்று குரலுக்கு நர்ஸ் பூஜ்யம் போட்டிருந்தாள். முனகவில்லை, தாயை நினைத்துக்கொள்கிறார், அவ்வளவுதானே என்றாள்.

சுட்டுக்கொண்டாலும் இடித்துக்கொண்டாலும் எங்கள் வாயில் வருவது அம்மாதான் என்று சொன்னேன். பாவம், அவள் முகம் வெளுத்துவிட்டது. டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் இது எந்த அம்மா என்று என்னைப் பார்த்தார். நர்ஸும் என்னைப் பார்த்தாள். அந்த அறையில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்கு முதுகில் படுக்கைப் புண் இருந்தது. அவரோ இழுக்காமல், குரலை உயர்த்தாமல், கூரையைப் பார்த்தபடி வறண்ட தொண்டையில் "அம்மா" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும் "அம்மா". அவர் பெற்ற பிள்ளை நான், எனக்கே தெரியவில்லை.

"வலிதான்," என்றேன்.

மார்ஃபின் கொடுத்தார்கள். அப்பா அடங்கினார். குரல் நின்றது, மார்க் இறங்கியது, நர்ஸ் கும்பிடாத குறையாக நன்றி சொன்னாள். எனக்கும் மூச்சு வந்தது. அடுத்த சில நாள்களில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அப்பாவின் தங்கையிடம் இதைச் சொன்னேன். அத்தை இலையை மடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணன் அடிபட்டா அம்மான்னு கத்தவே கத்தாது. அலாமாக்னுல்ல கத்தும், மலாய்க்காரன் மாதிரி. எங்கம்மாவையும் ஆத்தான்னுதான் கூப்பிடும்."

"அப்ப யாரை அத்தை?"

"உன்னைத்தான். சின்னப் பிள்ளையில உன்னை அம்மா, அம்மான்னுதானே கூப்பிடும். மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தேன். பள்ளிக்கூடம் போன பிறகு, கூட்டாளிகள் முன்னால் அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று நானே சிணுங்கி நிறுத்தியிருப்பேனாக இருக்கும். அத்தை சொல்வதும் சரியென்று எப்படிச் சொல்வது? புண் புண்தானே, வலித்துத்தான் இருக்கும். நோய் தின்ற மூளையில் அலாமாக் தேய்ந்து அம்மாவாகியிருக்கலாம். யாரிடம் போய்க் கேட்பது? கேட்க வேண்டியவரை நான்தான் தூங்க வைத்துவிட்டேன்.

போன வாரம் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். மறதி நோயாளிகளைக் கடைசி நாள்களில் இல்லங்களில் எப்படிக் கவனித்துக்கொண்டார்கள் என்று குடும்பத்தாரிடம் கேட்டு மதிப்பிடுகிறார்களாம். என் பெயரைப் பார்த்துத் தமிழ் பேசும் ஆளையே கொடுத்திருந்தார்கள். சுத்தமாக இருந்ததா, மரியாதையாக நடத்தினார்களா, வலியைக் கவனித்தார்களா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் நல்லபடியாகவே சொன்னேன். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

"லாஸ்ட் கொஸ்டின்க்கா. உங்கப்பா கூப்பிட்டப்போ ஆள் வந்தாங்களா? எப்பவும், சில நேரம், இல்ல. இதுல ஒண்ணு சொல்லுங்க."

அவள் இரண்டு முறை "ஹலோ" சொன்னாள்.

"ஆள் பக்கத்துலயேதான் இருந்துச்சு," என்றேன்.

"ஓகேக்கா, அப்ப எப்பவும்னு போட்டுக்கிறேன்," என்றாள்.