அக்கா ஹலோ சொன்ன காலை

போனை எடுத்தால் நான் முதலில் வாய் திறப்பதில்லை. அந்தப் பக்கம் இருப்பவர் பேசட்டும், பிறகு பார்க்கலாம். தேன் ஒழுக ஹலோ சொல்கிறவன் எல்லாம் எனக்குக் கள்ளன்தான். பார்சல் வந்திருக்கிறது என்பான், போலீஸ் என்பான், பேங்க் என்பான். "இவ போன் எடுக்கிற அழகுக்கு, கூப்பிட்டவன்தான் பயந்து ஓடணும்" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். ஓடட்டுமே.

எங்கள் குடும்பத்தில் ஹலோ கிடையாது. நாங்கள் எஸ்டேட்டில் இருந்தபோது லயத்து வீடுகளில் போன் இல்லை. கணக்கெழுதும் கிராணியின் ஆபீசில் ஒன்றுதான். போன் வந்திருக்கிறது என்று காவல்காரர் சைக்கிளில் வந்து சொன்னால், பெரும்பாலும் சாவுச் சேதிதான். கோலாலம்பூருக்கு வேலைக்குப் போன அக்கா முதல் தடவை நலம் விசாரிக்கக் கூப்பிட்டபோது, அம்மா லயத்திலிருந்து ஆபீஸ்வரை மாரில் அடித்துக்கொண்டே ஓடினாள். போனைப் பிடுங்கி அவள் போட்ட சத்தத்தில் கிராணியே எழுந்து நின்றுவிட்டார். "இனிமே கூப்பிட்டா, மொதல்ல 'ஒண்ணுமில்ல, சும்மாதான்'னு சொல்லணும். அப்புறந்தான் மத்ததெல்லாம்!"

அன்றிலிருந்து அதுதான் எங்களுக்கு வணக்கம். அம்மா இப்போது இல்லை. அக்கா சுங்கை பெசாரில் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். நான் கோல சிலாங்கூரில் இருக்கிறேன். கூப்பிடுவது யார் என்று கைபேசியே காட்டிவிடுகிறது. இருந்தாலும் "ஒண்ணுமில்லடி, சும்மாதான்" என்று சொன்ன பிறகுதான் அக்கா மூச்சு விடுவாள்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். அக்கா நம்பர். எடுத்து, வழக்கம்போல் பேசாமல் இருந்தேன்.

"ஹலோ, நல்லாருக்கியா?"

குரல் அவளுடையதுதான். ஆனால் இப்போது குரலைக்கூடத் திருடுகிறார்களாமே!

"யாரு பேசறது?"

"என்னடி, அக்கா பேசறேன்."

"எந்த அக்கா? என் கல்யாணத்துல எங்கக்கா எதுக்குக் கோச்சுக்கிட்டா, சொல்லுங்க பாப்போம்."

"நாத்தனாருக்குப் பட்டுச்சேலை, எனக்கு நைலக்ஸ். மறந்துட்டேன்னு நெனச்சியா?"

இத்தனை வருஷமாகியும் ஆறாத கோபம். அதை எந்தத் திருடனாலும் செய்துகாட்ட முடியாது. அக்காதான்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான சந்தேகம் வந்தது. அக்கா என்றால் ஏன் ஹலோ? அவள் பாட்டுக்கு அறுவடை மிஷின் சேற்றில் சிக்கிக்கொண்ட கதையையும், மருமகள் கார் ஓட்டும் லட்சணத்தையும் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? நெத்திலியைத் தள்ளி வைத்தேன்.

"அக்கா, ஏன் ஹலோன்னு சொன்னே?"

"இதென்னடி கேள்வி? ஊரே சொல்லுது லா."

"ஊரு சொல்லட்டும். நீ 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லு."

அவள் மறுபடியும் மருமகளின் கார் கதைக்கே தாவினாள். அவள் வீட்டுப் பக்கம் ஏதோ லோரி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"சொல்லுக்கா."

"வாய் வரமாட்டேங்குதுடி. அம்மா சொல்லிக் குடுத்தது. அதை வச்சிப் பொய் சொல்ல முடியுமா?"

பிறகு அழுதாள். மார்பில் கட்டி. சதை எடுத்துச் சோதித்து, முந்தின நாள்தான் புற்றுநோய் என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது. என்னிடமும் சொல்வதாக இல்லையாம். என் குரலைக் கேட்டால் போதும் என்றுதான் கூப்பிட்டாளாம். அந்தக் குரலை வைத்துக்கொண்டு நான் அவளையே யார் என்று விசாரித்திருக்கிறேன்.

இப்போது அவளுக்கு மருந்து ஏற்றுகிறார்கள். முடி கொட்டிவிட்டது, வாய் குறையவில்லை. தினமும் கூப்பிடுகிறாள். வேறு யார் கூப்பிட்டாலும் நான் இன்றும் முதலில் பேசுவதில்லை. அக்கா நம்பரைப் பார்த்தால் மட்டும், அவள் வாய் திறப்பதற்குள் "சாப்பிட்டியாக்கா?" என்று முந்திக்கொள்கிறேன். அவள் முதலில் என்ன சொல்வாளோ என்று பயமாக இருக்கிறது.