பென்சிலில் எழுதிய கப்பல்

எமெரி ஸ்லாவிக் எதையும் லேசில் நம்புகிறவர் அல்ல. வானிலை அறிக்கை மழை என்றால் ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்ப்பார். டாக்டர் சொன்ன ரத்த அழுத்தத்தை நம்பாமல் இன்னொரு டாக்டரிடம் போவார்; அவரும் அதையே சொன்னால், இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள் என்பார். முப்பத்தைந்து வருடம் பிளம்பர். கசிவு இங்கேதான் என்று வீட்டுக்காரர் காட்டும் இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் முதலில் பார்ப்பது அவர் தொழில் தர்மம். அப்படிப்பட்டவர் உலகத்தில் ஒரே ஒரு சாட்சியை மட்டும் கேள்வி கேட்காமல் நம்பினார்: கடலுக்கடியில் இருநூற்று முப்பது அடியில் போதை தலைக்கேறியிருந்தபோது மணிக்கட்டில் கட்டிய குறிப்புச் சிலேட்டில் தானே கிறுக்கியதை.

அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் அதிலுள்ள நைட்ரஜன் நாலு கிளாஸ் சாராயத்தின் வேலையைச் செய்யும். அதனால்தான் மூழ்கிய கப்பல்களைத் தேடி இறங்கும் எங்கள் கூட்டத்தில் மற்றவர்கள் எல்லோரும் ஹீலியம் கலந்த சிலிண்டரோடு இறங்கத் தொடங்கினார்கள். எமெரிக்கு அது ஒவ்வாது.

"ஹீலியம் பிறந்தநாள் பலூனுக்கு," என்பார். "நான் என்ன பலூனா?"

இறங்கும்போது எங்களைப் போல் சாதாரண மனிதர். ஏறும்போது சிலேட்டில் 'பெரிய படிக்கட்டு. தேக்கு. யாரோ பியானோ' என்று இருக்கும். யாரோ யார் என்று கேட்டால் கோபம் வரும்.

நாங்கள் போவது பிரியெல் துறையிலிருந்து, கேப்டன் கார்மைனின் 'பொறுமைசாலி ஜோன்' படகில். ஜோன் அவருடைய மனைவி. பொறுமை தீர்ந்து ஒன்பது வருடத்துக்கு முன் புளோரிடாவுக்குப் போய்விட்டாள். படகின் பெயரை மாற்றினால் ராசியில்லை என்று கார்மைன் அப்படியே விட்டுவிட்டார். அந்தப் படகின் கேபினில் ஒரு பலகை உண்டு. நாங்கள் இறங்கும் மூழ்கிய கப்பல்களின் பட்டியல் அதில் இருக்கிறது. அடையாளம் தெரிந்தவை வெள்ளைப் பெயிண்டில், ஊகங்கள் பென்சிலில். பென்சில் பெயிண்டாவதற்கு வழி ஒன்றுதான். கப்பலிலிருந்து சான்றாக ஒரு பொருள் மேல்தளத்துக்கு வந்து, படகிலுள்ள எல்லோருடைய கையும் அதன்மேல் படவேண்டும். பேச்சு செல்லாது. சிலேட்டு நிச்சயமாகச் செல்லாது.

பதினான்கு வருடமாக அந்தப் பலகையின் ஏழாவது வரியில் 'கோர்டீலியா' என்று எமெரியின் பென்சில் எழுத்து இருந்தது. 1909இல் பனிமூட்டத்தில் காணாமல் போன உல்லாசக் கப்பல். உப்புக்காற்றில் எழுத்து மங்கும். ஒவ்வொரு மே மாதமும் வந்து திரும்ப எழுதுவார். டைவர்கள் சங்கத்தில் அதைப்பற்றிப் படம் போட்டு உரையாற்றுவார். அறுபது பேர் வருவார்கள். படிக்கட்டு வருடத்துக்கு ஒரு படி நீண்டது. கப்பலின் நடுப்பகுதியில், தான் மட்டுமே அறிந்த ஒரு பொந்தில், முதல் வகுப்புப் பயணிகளின் பீங்கான் தட்டுகள் சேற்றில் வரிசையாக விளிம்பு காட்டி நிற்கின்றன என்பார். ஒன்றையாவது கொண்டுவந்திருக்கலாமே என்றால், கொண்டுவரத்தான் செய்தார். ஒருமுறை அவர் பையைப் பெருமையாகத் திறந்து கொட்டியபோது ஒரு நிலக்கரிக் கட்டியும், அவருடைய சொந்த டார்ச்சும் விழுந்தன.

போன அக்டோபர் கடைசியில் அவருக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு டாக்டர்களும், அதே கல்லூரிக்காரர்கள், இந்த வருடத்தோடு நிறுத்தவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கார்மைனும் சொல்லிவிட்டார், அடுத்த மே மாதம் பென்சிலோடு வந்தால் பலகையைத் துடைத்துவிடுவேன் என்று. ஆக, அந்தச் சனிக்கிழமை ஒரு இறக்கம்தான் பாக்கி. சான்று வந்தால் பெயிண்ட், வராவிட்டால் ஈரத்துணி.

அவரோடு இறங்கியது யோலாண்டா ப்ரூயிட். உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர். ஏழாவது வரியில் இருப்பது சரக்குக் கப்பல்தான் என்று மூன்று வருடமாகச் சொல்லிவந்தவள். அதுவரை யாருக்கும் காட்டாத பொந்தை அன்று அவளுக்குக் காட்டுவதாக எமெரி ஒப்புக்கொண்டிருந்தார்.

"படிக்கட்டப் பாத்தா மன்னிப்புக் கேக்கணும் டீச்சர்," என்றார், பன்றிக்கறி சாண்ட்விச்சை மென்றுகொண்டே.

"பியானோவையும் பாத்தா வாசிச்சே காட்டறேன்," என்றாள் அவள்.

"யோவ், நெஞ்செரிச்சலோட இறங்காத," என்றார் கார்மைன். "உன்னத் தூக்கிப்போட எனக்கு முதுகு ஒத்துக்காது."

கீழே தண்ணீர் ஐந்து டிகிரி. இருபது நிமிடம் கழித்து எமெரியின் மஞ்சள் காற்றுப்பை மேலே வந்து மிதந்தது. ஆழத்தில் பொருளைக் கட்டி, காற்றை நிரப்பி விட்டால் அது தானே ஏறிவிடும். மனிதர்கள்தான் உடம்பில் ஏறிய நைட்ரஜன் இறங்கும்வரை நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் குளிரில் தொங்கவேண்டும். எனவே எமெரியின் வாழ்நாள் சாதனையை எமெரிக்கு முன்னால் நாங்கள் பார்த்துவிட்டோம்.

வெள்ளைப் பீங்கான். சந்தேகமே இல்லை. முக்கால்வாசி சிப்பியும் பாசியும் மூடிய, வயிறு பருத்த ஒரு துண்டு. ஓரத்தில் நீலப் பூவேலை. மேல் விளிம்பில் விரல் நுழையும் ஓட்டை. அடியில் கிரீடம் போட்ட முத்திரை.

"சூப்புப் பாத்திரம்," என்றார் கார்மைன். "இந்த ஓட்டை கரண்டி வைக்க. எங்க அம்மாகிட்ட இருந்துச்சு." எல்லோரும் தொட்டோம். கார்மைன் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். "பதினாலு வருஷம்யா. நியாயமோ அநியாயமோ, இந்தப் பேச்சு இன்னியோட முடியணும்." பலகையில் முதல் எழுத்தைப் போட்டுவிட்டு, மீதிக்கு யோலாண்டாவின் கைக்காகக் காத்திருந்தார்.

முதலில் ஏறியவள் யோலாண்டா. உதடு நீலமாக இருந்தது.

"எமெரி கால்துடுப்பு அடிச்சுக் கிளப்பின சேத்துல ஒண்ணும் சரியாத் தெரியல," என்றாள். "ஆனா விளிம்பு விளிம்பா, வெள்ளையா, நூத்துக்கணக்குல இருந்துச்சு. நான் சொன்னது தப்பு போல." பிறகு பாத்திரத்தைத் தொட்டாள். அவள் கைதான் பாக்கி இருந்தது.

எமெரி ஏணியில் தலை தூக்கியதும் படகே கை தட்டியது. தலைக்கவசத்தைக் கழற்றுவதற்கு முன்பே யோலாண்டா மன்னிப்புக் கேட்டாள். ஒன்றரை மணி நேரக் குளிரில் போதை முழுக்கத் தெளிந்திருந்தது. அதுதான் வினையாயிற்று. எமெரி அந்தப் பொருளைப் பார்த்தார். பிறகு பலகையில் ஈரமாக மின்னிய முதல் எழுத்தைப் பார்த்தார். பிறகு பொருளை மறுபடி பார்த்தார். நாங்கள் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தோம்.

"அருமையான சூப்புப் பாத்திரம்யா," என்றார் கார்மைன், தூரிகையை நனைத்தபடி. "கரண்டிக்குக்கூடத் தனி ஓட்டை."

எமெரியின் தாடை அசைந்தது. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். படகில் வேறு பிளம்பர் கிடையாது.

"கரண்டியா?" என்றார். "அது கரண்டிக்கு இல்ல."

"பின்ன எதுக்கு?"

"தண்ணி வர்ற வழி." குரல் செத்திருந்தது, ஆனால் நிறுத்தமுடியவில்லை. "பின்பக்கம் குழாய் சேரும். இந்தா, கீழ இந்த வளைவு, இதுதான் நாத்தத்தத் தடுக்கறது. ட்ரென்டன் ஊர்ப் பீங்கான் ஆலைச் சரக்கு. பூப்போட்டது, பணக்கார வீட்டுக்கு. நாலே வருஷம்தான் செஞ்சாங்க. நானே இதுல மூணக் கழட்டியிருக்கேன்."

யோலாண்டா தன் கையைப் பார்த்தாள். கார்மைன் தூரிகையைக் கீழே வைத்தார்.

"யோவ், நாங்க எல்லாரும் கக்கூஸையா தொட்டுக் கும்பிட்டோம்?"

"உபயோகப்படுத்தாதது," என்றார் எமெரி, காயப்பட்ட குரலில்.

துறைக்குத் திரும்ப மூன்று மணி நேரம். கடைசி மைலில் எமெரி, உல்லாசக் கப்பலிலும் கழிப்பறை இருக்கும்தானே என்று தொடங்கினார். "நூத்துக்கணக்குலயா? அடுக்கி வெச்சா?" என்றாள் யோலாண்டா.

குளிர்காலம் முழுவதும் ட்ரென்டன் நூலகத்தில் உட்கார்ந்து அவரே கண்டுபிடித்தார்: ஹன்னா வாஸ், சரக்குக் கப்பல், அறுநூற்று இருபது கழிப்பறைக் கோப்பைகளோடு ஹவானாவுக்குப் புறப்பட்டது. தேதி, முத்திரை, எல்லாம் பொருந்தின. சங்கத்தில் இரண்டு மணி நேரம் உரையாற்றினார். ஒரு வார்த்தை பொய்யில்லை. பதினோரு பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் பிளம்பர்கள்.

மே மாதம் கார்மைன் ஏழாவது வரியில் 'ஹன்னா வாஸ்' என்று பெயிண்டில் எழுதினார். எமெரி பக்கத்தில் நின்று மரியாதையாகப் பார்த்தார். கார்மைன் டப்பாவை மூடி டெக்குக்குப் போனதும், சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து ஒன்பதாவது வரிக்கு நகர்ந்தார். இருநூற்று ஐம்பது அடியில் பெயர் தெரியாமல் கிடக்கும் கப்பல் அது.

"எமெரி," என்றாள் யோலாண்டா, "என்ன எழுதறீங்க?"

"பழைய சிலேட்டெல்லாம் எடுத்துப் பாத்தேன் டீச்சர். தேதியக் குழப்பிட்டேன். படிக்கட்டு இதுலதான்." எழுதி முடித்து, கடைசி எழுத்தை ஒருமுறை அழுத்தித் திருத்தினார். "எனக்குத்தான் இறங்கக் கூடாதுன்னுட்டாங்க. நீங்க ஹீலியத்தோட போறீங்கல்ல? இடது பக்கம் பாருங்க."

அவள் இடது பக்கம் பார்ப்பதாகச் சொன்னாள்.