டீச்சருக்கு மறுப்புச் சொன்ன காலை

எண்பதுகளின் நடுவில் டென்மார்க்குக்கு வந்த நாங்கள் இக்காஸ்ட் என்ற சிறு நகரில் குடியிருந்தோம். மகள் இரண்டாம் வகுப்பில் படித்தாள். ஒருநாள் அவளுடைய டீச்சர் என்னை அழைத்து ஆங்கிலத்தில் சொன்னார்: "உங்கள் மகள் வகுப்பில் பேசுவதே இல்லை. ஒரு வகுப்புக் கீழே விடலாமா?"

எனக்கு அதில் விருப்பமில்லை. ஆனாலும் டீச்சரை எதிர்த்துப் பேசலாமா? "ஓம்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மகளை ஏசினேன். "ஏன் நீ வாய் திறக்கிறேல்லை?"

அவள் அழுதாள். "நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள், டீச்சர் கேட்டால் மட்டும்தான் கதைக்க வேணுமெண்டு. அவ கை தூக்கிற ஆக்களைத்தான் கேக்கிறா."

கணவர் சிரித்தார். "நீயே அங்கை வாய் திறக்காமல் ஓம் போட்டிட்டு வந்தனீ. பிள்ளையை ஏன் ஏசுறாய்?"

மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே பள்ளிக்கூடத்தில் நின்றேன். டீச்சரைக் கண்டதும் சொன்னேன்: "நேற்று மரியாதைக்குத்தான் சம்மதித்தேன். உண்மையில் எனக்குச் சம்மதமில்லை. கேட்காமல் பேசாதே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்."

டீச்சர் கோபிப்பார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டார். "இதை நேற்றே சொல்லியிருக்கலாமே! அவளைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தானே தெரியும்."

அவள் அதே வகுப்பில் இருப்பாள் என்று முடிவானது. டீச்சர் தினமும் அவளைப் பெயர் சொல்லிக் கேட்டார். நான் சமைத்தபடியே கேள்வி கேட்டு, கை தூக்கப் பழக்கினேன்.

மூன்று வாரம் கழித்து டீச்சர் பள்ளி வாசலில் என்னை மறித்தார். "இனிக் கையை இறக்கவும் சொல்லிக்கொடுங்கள்!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதன் பிறகு பெற்றோர் கூட்டங்களில் முதலில் உயர்ந்தது என் கைதான்.