மொட்டை மாடியில் சார்ஜ் ஏறும் ஒரு மணி நேரம்

அப்பா சாவதற்கு முன் ராயபுரத்து வீட்டின் கீழ்த்தளம் அண்ணனுக்கு, மேல்தளம் எனக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். மொட்டை மாடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதை அவர் மறந்துபோனதில் நானும் அண்ணனும் வருடக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அண்ணன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறான். மாடியில் பந்தயப் புறா வளர்க்கிறான். வடக்குச் சுவரை ஒட்டி மரச்சட்டமும் கம்பிவலையும் அடித்து அவன் கட்டிய கூண்டில் நாற்பது புறாவாவது இருக்கும். நான் எண்ணூரில் கண்ட்ரோல் பேனல் செய்யும் பட்டறை ஒன்றில் வயரிங் சோதிக்கிற வேலை பார்க்கிறேன். எனக்குப் பிடித்த விளையாட்டு சண்டை ரோபோ. ஒன்றரை கிலோ எடை, நான்கு சக்கரம், முன்னால் விர்ரென்று சுழலும் ஒரு இரும்புத் தடி. பட்டறையில் கூட வேலை செய்யும் இரண்டு பேரோடு சேர்ந்து செய்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் விம்கோ நகரில் ஒரு பழைய ஷெட்டில் கூடி, இதே பித்து பிடித்த மற்றவர்களின் ரோபோக்களோடு மோதவிடுவோம். முப்பத்தெட்டு வயசில் கல்யாணம் காட்சி இல்லாமல் பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று அண்ணன் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

சண்டை பொம்மையால் வரவில்லை, அதன் பேட்டரியால் வந்தது. கைபேசியில் இருக்கிற அதே லித்தியம் வகைதான். ஆனால் இதற்குக் கெட்டி உறை கிடையாது. வெள்ளித்தாளில் பொட்டலம் கட்டியதுபோல மூன்று செல்கள், அவற்றின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தோல், அவ்வளவுதான். மூன்று செல்லும் சமமாக நிரம்புகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கிற சார்ஜர் வேண்டும். அவசரப்பட்டு அதிகக் கரண்ட் ஏற்றக் கூடாது. ஓடி முடித்த சூட்டோடு போடக் கூடாது. அடிபட்டதையும் உப்பியதையும் சார்ஜரில் மாட்டவே கூடாது. பக்கத்தில் பற்றிக்கொள்கிற பொருள் எதுவும் இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஏறி முடிகிறவரை ஆள் நகரக் கூடாது. வீட்டுக்குள் வேண்டாம் என்றுதான் மாடிக்குக் கொண்டுபோனேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில், அடியில் மணல் பரப்பிய இரும்புப் பெட்டிக்குள் பேட்டரியை வைத்து, பக்கத்தில் ஒரு வாளி மணலும் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் காவல் இருப்பேன்.

அண்ணனுக்கு அது ஆகவில்லை. அதன் நாற்றத்தில் புறா முட்டை கூமுட்டையாகிறது என்றான். நாற்றம் வந்தால் பேட்டரி கெட்டுவிட்டது என்று அர்த்தம், என்னுடையதில் நாற்றமே கிடையாது என்றேன். மறுநாள் கம்பும் சோளமும் கட்டிய தீவன மூட்டைகளை என் பெட்டியை ஒட்டி அடுக்கியிருந்தான். நான் அவற்றை இழுத்துக் கூண்டுப் பக்கம் போட்டேன். அடுத்த வாரம் மறுபடி என் பக்கம் வந்தன. கோணிப்பை பஞ்சு மாதிரி பற்றும் என்று அண்ணியிடம் சொல்லி அனுப்பினேன். அவ்வளவு பயமாக இருந்தால் பொம்மையைத் தூக்கிக் கடலில் போடட்டும் என்று அண்ணி மூலமாகவே பதில் வந்தது. பாவம் அண்ணி, படியேறி இறங்கி எங்கள் இருவரின் விஷத்தையும் சுமந்தாள்.

அந்த ஞாயிறு ஷெட்டில் நாங்கள் தோற்றோம். எதிராளியின் தடி எங்கள் ரோபோவின் பக்கவாட்டுத் தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. பேட்டரியை வெளியே எடுத்தபோது ஒரு முனை நசுங்கியிருந்தது. தோல் கிழியவில்லை. கூட வந்தவர்களில் ஒருவர் அதைத் தொடவே வேண்டாம், கழித்துவிடலாம் என்றார். வீட்டுக்குப் போய் நிதானமாகப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கையில் இருந்த நல்ல பேட்டரி அது ஒன்றுதான். அடுத்த வாரம் இன்னொரு மோதல் இருந்தது. தோற்ற கடுப்பு வேறு.

மாலை நான்கு மணிக்கு மாடி ஏறினேன். தீவன மூட்டைகள் இரண்டும் என் பெட்டியில் இடிக்கிற மாதிரி கிடந்தன. வழக்கமாக நானே இழுத்துப் போடுவேன். அன்றைக்கு என்னவோ, அவனே வந்து நகர்த்தட்டும் என்று தோன்றிவிட்டது. நசுங்கிய பேட்டரியைச் சார்ஜரில் மாட்டினேன். மூன்று செல்லின் வோல்ட்டும் திரையில் சரியாகத்தான் வந்தது. அதைப் பார்த்து என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பெட்டியின் மூடியைக்கூடச் சாத்தவில்லை. அப்படியே விட்டுவிட்டு அவனைக் கூப்பிடக் கீழே இறங்கினேன்.

அண்ணன் படிக்கட்டுக்குக் கீழே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். மூட்டையை எடுக்கச் சொன்னேன். எடுக்க மாட்டேன் என்றான். பத்து நிமிடம் படிக்கட்டிலேயே நின்று கத்தினோம். அப்பாவின் ஆஸ்பத்திரி நாட்களில் யார் கூட இருந்தது என்பது வரைக்கும் போனோம்.

"அது எங்கப்பன் வூட்டு மாடிடி. எங்க வோணா மூட்டைய வெப்பேன்."

"எனக்கும் அவருதான் அப்பா" என்றேன்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. பழம் அழுகினதுபோல ஒரு தித்திப்பும், அதனடியில் பிளாஸ்டிக் கருகலும். நான் அசைவதற்குள் மேலே சீறல் கேட்டது. குக்கர் மாதிரி விட்டுவிட்டு வருகிற சீறல் இல்லை, நிற்காமல் நீண்டது. இருவரும் ஓடினோம்.

மூடாத பெட்டியிலிருந்து வெள்ளைப் புகை தூணாக நின்றது. அதற்குள் ஒரு செல் வெடித்து நெருப்பு பெட்டியின் விளிம்பைத் தாண்டிப் பாய்ந்தது. மூட்டை பற்றிவிட்டது. நான் பிளக்கைப் பிடுங்கி, வாளி மணல் முழுவதையும் பெட்டிக்குள் கவிழ்த்தேன். அடுத்த செல்லும் அதற்கடுத்ததும் மணலுக்கு அடியிலேயே சீறி அடங்கின. அதற்குள் மூட்டையின் தீ கூண்டின் மரச்சட்டத்துக்குத் தாவியிருந்தது. புறாக்கள் வலையில் மோதி அடித்துக்கொண்டன. அண்ணன் கதவைத் திறந்துவிட்டான். அவை மொத்தமாக அவன் முகத்தின் மேலேயே கிளம்பின. அவன் குனிந்து, எரிகிற மூலையில் இருந்த குஞ்சுப் பெட்டிக்குள் வலது கையை விட்டான். நான் தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாக மொண்டு சட்டத்தின் மேலும் அவன் மேலும் ஊற்றினேன்.

இரண்டு குஞ்சுகளை எடுத்தான். நான்கு செத்துவிட்டன. அவனுக்குக் கை மணிக்கட்டு வரைக்கும் வெந்துபோயிருந்தது. இருட்டுவதற்குள் பறந்த புறாக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, கரிந்த சட்டத்தின் மேல் உட்கார இடமில்லாமல் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தன. அவன் கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தான். அண்ணி ஆஸ்பத்திரிக்கு இழுத்தாள். கடைசிப் புறா வருகிறவரைக்கும் போகவில்லை. என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வேண்டுமென்றே புறாவைக் கொளுத்தினேன் என்று தெருவில் சொன்னான். பெட்டியை ஒட்டி மூட்டையைப் போட்டது யார் என்று நான் சொன்னேன். கேட்கிறவர்கள் இரண்டு பக்கமும் தலையாட்டினார்கள். மூன்று வாரம் இப்படிப் போனது. நான் பேசியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நசுங்கின பேட்டரியைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. என் வேலையே பிழை எங்கே என்று கண்டுபிடித்துத் தாளில் எழுதிக் கொடுப்பது. ஒரு வயர் தளர்ந்திருந்தாலும் எழுதாமல் விட மாட்டேன். இதை மட்டும் எழுதாமல் வைத்திருப்பது தொண்டையில் மீன்முள் மாதிரி உறுத்தியது.

ஒரு காலை கீழே போனேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த பேட்டரி ஏற்கெனவே அடிபட்டது. தெரிஞ்சேதான் சார்ஜ் போட்டேன். போட்டுட்டு பக்கத்துல இல்லாம எறங்கி வந்துட்டேன்" என்றேன்.

பிய்த்த துண்டைத் தட்டிலேயே போட்டான்.

"இத்த சொல்றதுக்கு மூணு வாரம் ஆச்சா ஒனக்கு?"

அவன் மூட்டையைப் பற்றிச் சொல்வான் என்று நின்றேன். அவனுக்கும் ஒரு வாய் இருக்கிறது, அவனுக்கும் உறுத்தும் என்று நினைத்தேன். அவன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். மறுநாள் பஸ்ஸுக்கு நடக்கும்போது, மார்க்கெட் முனையில் மீன் விற்கிறவள் வெட்டுவதை நிறுத்திவிட்டு, "இன்னாமே, நீயேதான் கொளுத்திட்டேன்னு ஒத்துக்கினியாமே?" என்றாள். ஒத்துக்கொண்டதை ஒரே ராத்திரியில் ஆயுதமாக்கிவிட்டான். பஸ்ஸில் எண்ணூர் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். சொன்னது தப்பு என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அவனிடம் சொன்னதுதான் தப்பு.

அதற்குப் பிறகு வீட்டில் பேட்டரியே இருக்கக் கூடாது என்று அண்ணி மூலமாக உத்தரவு வந்தது. முடியாது என்றேன். பட்டறையில் சார்ஜ் போட முதலாளி விடவில்லை. விட்டிருந்தாலும் நான் மாடியை விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன் என்பதுதான் உண்மை. அண்ணன் கொத்தனாரைக் கூட்டிவந்து மாடியின் குறுக்கே இடுப்பளவுக்குச் செங்கல் சுவர் எழுப்பினான். கூண்டை அவன் பக்கத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டான். தண்ணீர்த் தொட்டி என் பக்கத்தில் மாட்டிக்கொண்டது. புறாவுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் கீழேயிருந்து தூக்கிக்கொண்டு வருகிறான். கேட்டால் குழாய் போடவிடுவேன். அவன் கேட்க மாட்டான், நானாகச் சொல்லவும் மாட்டேன்.

என் பக்கத்தில் இப்போது வெறும் சிமெண்ட் தரையில் ஓர் இரும்பு மேசையும் அதன்மேல் அந்த இரும்புப் பெட்டியும் மட்டும் இருக்கின்றன. சுற்றி நான்கு முழத்துக்கு ஒரு காகிதம்கூட இல்லை. மணல் இரண்டு வாளி. வாங்கியது எல்லாம் புது பேட்டரி. லேசாக உப்பினாலும் கழித்துவிடுகிறேன். அதையும் குப்பையில் போடுவதில்லை. ஒரு பல்பில் மாட்டிக் கடைசிச் சொட்டுவரை இறக்கி, பழைய பேட்டரி எடுக்கிற இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

நான் சார்ஜரை எடுத்துக்கொண்டு படியேறினால், ஐந்து நிமிடத்தில் அண்ணனும் வந்துவிடுவான். சுவருக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, காலடியில் குடத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டு, என்னை நேராகப் பார்க்கிற மாதிரி உட்காருவான். வலது கையில் இரண்டு விரல் இன்னும் முழுசாக மடங்குவதில்லை. அந்தக் கையைச் சுவர்மேல் நான் பார்க்கிற மாதிரியே வைப்பான். நான் எப்போது தப்பு செய்வேன், எப்போது பிடிக்கலாம் என்று காத்திருக்கிறான். ஒரு மணி நேரமும் ஒரு வார்த்தை கிடையாது.

போன மாதம் சார்ஜ் பாதி ஏறியிருந்தபோது கைபேசி அடித்தது. அதைக் கீழே என் அறையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். பட்டறையிலிருந்து ஒரு முக்கியமான தகவலை எதிர்பார்த்திருந்ததால் எழுந்தேன். படிப்பக்கம் திரும்புவதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"எங்க எந்திரிக்கிற? முடியிற வரைக்கும் குந்து."

அவன் சொன்னதில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சரியாகச் சொன்னான் என்பதில் இன்னும் எரிந்தது. உட்கார்ந்தேன். கைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. அரை மணி கழித்துச் சார்ஜர் கூவியதும் பேட்டரியைக் கழற்றி, சூடு இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்து, பெட்டியில் வைத்து மூடிவிட்டுக் கீழே இறங்கினேன். அவன் எழுந்திருக்கவில்லை. மூடின பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.