திங்கட்கிழமை அரைச்சுற்று

ஸ்குரூ டிரைவரின் முனையை இயந்திரத்தின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் மேலதிகாரியே வந்து நின்றாலும் இடது கையைத் தூக்கி, "இருங்க, பேசிக்கிட்டிருக்கு" என்பார். அனல் மின் நிலையத்தில் முப்பத்தொரு வருடமாக ஃபிட்டர். அங்கே எல்லோருக்கும் அவர் 'டாக்டர்'தான்.

வீட்டிலும் இந்த வைத்தியம் உண்டு. ஃபிரிட்ஜ், மிக்சி, தண்ணீர் மோட்டார் எதுவும் தப்பாது. "எனக்கும் ஒருதரம் வச்சுப் பாருங்களேன்" என்று மனைவி வாய் தவறிச் சொல்லப்போக, மனிதர் நிஜமாகவே ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கரி ஏறிய சட்டைகளைத் துவைத்துத் துவைத்து அந்த அம்மாவுக்கு வெள்ளை நிறத்தின் மேலேயே நம்பிக்கை போயிருந்தது.

போன வருடம் நிலையத்தை மூடினார்கள். நிலக்கரி குவிந்துகிடந்த மைதானத்தில் சூரியத் தகடுகளும் லாரி அளவுப் பேட்டரிப் பெட்டிகளும் வந்து இறங்கின. டாக்டருக்கு அதில் வருத்தமில்லை. "கரி போகட்டும் சார், என் நெஞ்சுலயே அரை மூட்டை கெடக்கு" என்று இருமிக்கொண்டே சிரிப்பார். அவர் கவலையெல்லாம் நிலையத்து ஜெனரேட்டரைப் பற்றித்தான். தகடும் பேட்டரியும் தரும் மின்சாரம் தடுமாறாமலிருக்க, கனமான ஒன்று கூடவே சுழல வேண்டுமாம். அதற்கு இந்தப் பழையதையே கரியில்லாமல் சுற்றவிடலாம், அதனுள் சுழலும் இரும்புத் தண்டு நேராக இருந்தால். ஆறு மாதம் கழித்துச் சோதனை. தொய்ந்திருந்தால் அது காயலான் கடைக்கு, இவர் வீட்டுக்கு.

அத்தனை டன் இரும்பு ஒரே வாக்கில் கிடந்தால் தன் பாரத்திலேயே தொய்ந்துவிடும். அதனால் திங்கள்தோறும் எண்ணெய் விட்டு, பல்சக்கரத்தில் நீளக் கம்பியைக் கோத்து, தண்டை அரைச்சுற்று திருப்பி, சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு வருவார். யாரும் சொல்லவில்லை, யாரும் தடுக்கவுமில்லை.

ஒரு திங்கட்கிழமை அவருக்கு அனலாகக் காய்ச்சல். சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவரை மனைவி மறித்தார்.

"ஒரு நாள் திருப்பலேன்னா குடியா முழுகிடும்?"

"முழுகிடும்."

அந்த அம்மாவும் கைப்பையை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார். அங்கே டாக்டர் நடுங்கிக்கொண்டு கம்பியைப் பிடிக்க, கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு அந்த அம்மாவும் சேர்ந்து அழுத்தினார்.

"மெதுவா, மெதுவா. வயசான உடம்பு."

"எது? இதா, நீங்களா?"

அன்றைய கோட்டைப் போட்டதும் அந்த அம்மாதான். கொஞ்சம் கோணல்.

சோதனையில் தண்டு இம்மி பிசகாமல் நேராக இருந்தது. மறுபடி சுற்றவிட்ட நாளில் குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். வெளியே புகைபோக்கி சும்மா நின்றது. ஜெனரேட்டர் முழு வேகம் பிடித்ததும் டாக்டர் ஸ்குரூ டிரைவரை ஊன்றிக் கண்ணை மூடினார். நெடுநேரம் திறக்கவில்லை.

"என்னங்க சொல்லுது?" என்றார் மனைவி.

டாக்டருக்குக் கண் கலங்கியிருந்தது. கைப்பிடியைத் தன் வெள்ளைச் சட்டையில் அழுத்தித் துடைத்தார். முனையை மறுபடி அதே இடத்தில் ஊன்றி, கைப்பிடியை மனைவியின் காதோடு வைத்துப் பிடித்துக்கொண்டார்.